பன்னிரண்டாம் பக்கத்துக் கொலையாளி

“கதவைச் சாத்து பிள்ளை. எழுதினது ஆரெண்டு தெரியாமல் ஒருத்தரும் வெளியில போக ஏலாது.”

யோகலிங்கம் ஐயா புத்தகத்தை மேசையில் போட்ட வேகத்தில் கீர்த்தனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சனசமூக நிலையத்தின் தலைவர். நீதிமன்றத்தில் காலமெல்லாம் குறுக்கு விசாரணை செய்து ஓய்வுபெற்ற மனிதர். அந்த ஆசை மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை.

துறைமுகத்தடியில் நிலையம் நடத்தும் இந்தச் சின்ன வாசிகசாலைக்கு ஆட்கள் வருவதில்லை, பூட்டிவிட்டு ரியூசன் வகுப்புக்குக் கொடுப்போம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ளும் கீர்த்தனிக்கு வேறு வேலையும் இல்லை, வேறு பிடிமானமும் இல்லை. இப்போது அவர் கையில் வாகாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

புத்தகம் ஒரு பழைய துப்பறியும் நாவல். பணக்காரர் ஒருவரைப் பாலில் நஞ்சு கலந்து கொன்றுவிடுகிறார்கள். வீட்டில் உள்ள எல்லார் மீதும் சந்தேகம். அந்தச் சந்தேகம் தொடங்கும் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘கொலையாளி டொக்டர்தான்.’

“வாசிக்கிற ஆசையே போயிட்டுது. அந்தப் பக்கத்தோடயே மூடி வச்சிட்டன்,” என்றார் யோகலிங்கம். “எனக்கு முதல் இதைக் கொண்டுபோனது ரீச்சரும் அஸாமும்தான். பல்கீஸ் ரீச்சர், சொல்லுங்கோ.”

“நான் எடுக்கேக்கயே அது எழுதிக் கிடந்தது,” என்றார் பல்கீஸ் ரீச்சர். “எனக்கும் ஆத்திரம் வந்ததுதான். ஆனா டொக்டராவது கொல்லுறதாவது எண்டு ரோசத்தில ஒரே மூச்சா வாசிச்சன். அடுப்பில சோறு அடிப்பிடிச்சதும் தெரியல்ல.”

“அப்ப, டொக்டர் இல்லையோ?”

“கடைசி வரைக்கும் வாசிச்சாத் தெரியும்.”

யோகலிங்கத்தின் முகம் கறுத்தது. கீர்த்தனி மெல்ல வாய் திறந்தாள்.

“ஐயா, நான் அதை அழிச்சு விடுறன். இதோட விடுவமே.”

“அழிக்கிறது பிறகு. முதல்ல ஆளைப் பிடிக்கவேணும். இல்லாட்டி நாளைக்கே கதவுத் திறப்பை ரியூசன்காரரிட்டக் குடுத்திடுவன்.”

யோகலிங்கத்தின் பார்வை அஸாமின் பக்கம் திரும்பியது. துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன் அஸாம். வேலை முடிந்த கையோடு வந்திருந்ததால் சட்டையெல்லாம் எண்ணெய்க்கறை.

“அஸாம், உமக்கு முதல் இந்தப் புத்தகத்தை ஆரும் தொடயில்லை. அலுமாரியில தூசு பிடிச்சுக் கிடந்தது எண்டு இந்தப் பிள்ளையே சொன்னவ. அப்ப எழுதினது ஆர்?”

அஸாம் கீர்த்தனியை ஒருமுறை பார்த்தான். சுவரோடு நின்ற அலுமாரிகளைப் பார்த்தான்.

“நான்தான் எழுதினனான்,” என்றான் அஸாம்.

“பாத்தீங்களே,” என்று நிமிர்ந்தார் யோகலிங்கம். வழக்கு வென்ற களை அவர் முகத்தில். “ஒரு மாசத்துக்கு உமக்குப் புத்தகம் இல்லை. பிள்ளை, விளங்கினதே?”

“ஓம் ஐயா.”

வாசல் வரை போனவர் திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் மேசையில் கிடந்த நாவலைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு நடந்தார். பல்கீஸ் ரீச்சரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் போனார்.

கீர்த்தனிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு துப்பறியும் நாவலை எடுத்து, தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, அஸாமின் கையில் திணித்தாள்.

“ஏன் அஸாம் நானா பழியை ஏத்துக்கொண்டீங்க? நீங்க எழுதேல்லை எண்டு எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியாம வேற ஆருக்குத் தெரியும், தங்கச்சி?” அஸாம் சிரித்துக்கொண்டே புத்தகத்தைச் சட்டைக்குள் செருகினான். “சரி, இதில ஆர்ர பேரை எழுதி வச்சிருக்கிறீங்க?”