டாக்டர் வண்டி

"சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டிங்க மேடம். கண்ணை மூடிட்டு எடுக்கலாம்" என்று சொல்லித்தான் ஷோரூமில் அந்தப் பழைய காரை என் தலையில் கட்டினார்கள். இரண்டு சர்வீஸ் முடிந்தும் வண்டியின் இருமல் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்து, சென்ட் அடித்து, ஏர் ஃபில்டர் மாற்றியதாக பில் கொடுத்தார்கள். மூன்றாவது சர்வீஸுக்கு விடும் முன் ஃபில்டர் டப்பாவைத் திறந்து, 'மாற்றுகிறவர் இந்தச் சீட்டை எடுத்துக்கொள்ளவும்' என்று எழுதி உள்ளே வைத்தேன்.

வண்டியை எடுக்கப் போனபோது சர்வீஸ் அட்வைசர் யுவராஜிடம் கேட்டேன்.

"ஃபில்டர் மாத்தியாச்சா?"

"புதுசே போட்டாச்சுங்க மேடம். நானே பக்கத்துல நின்னு பார்த்தேன்."

பானெட்டைத் தூக்கி டப்பாவைத் திறந்தேன். என் சீட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

"நின்னு எதைய்யா பார்த்தே?"

"டென்ஷன் ஆகாதீங்க மேடம், ஒரு காபி சாப்பிடுங்க" என்றான். ஃபில்டரைப் பிடுங்கி அவன் வெள்ளைச் சட்டைமேல் எறிந்தேன். சட்டையெல்லாம் கரி.

ஃபில்டர் இருந்த இடத்துக்கு அடியில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. பழுத்துப்போன மருந்துச் சீட்டு. எந்த மடையனுக்கும் புரிகிற மாதிரி டாக்டர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்:

'இந்தத் தடவையாவது மாத்துங்கடா.'