முன் வரிசைத் தூக்கம்

டிலானி மைக்கைக் கையில் எடுக்கவும், முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் நிரஞ்சனின் தலை சாயவும் சரியாக இருந்தது.

அவருக்கு நேர் பின்னால் இருந்த கிருஷாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சற்று முன்புவரை மனேஜர் திருச்செல்வம் ஆண்டறிக்கை வாசித்தார். மண்டபமே கொட்டாவி விட்டது. அப்போதெல்லாம் இந்த மனிதர் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டிய மனைவி பேச வந்ததும் தூக்கம் வந்துவிட்டது.

பாவம், பஸ் ஓட்டுகிறவர், அலுப்பாக இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவள் சமாதானம் சொன்னாள்.

"புசல்லாவை மலை றோட்டிலயும் இப்பிடித்தான் ஓடுறாரோ?" என்றாள் கிருஷாந்தி. இனி அந்தப் பக்கம் போவதானால் வேறு பஸ்தான் என்று மனதுக்குள் முடிவும் எடுத்துக்கொண்டாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தின் கண்டிக் கிளையில் டிலானிதான் அவளுக்கு நெருங்கிய தோழி. பொலிசி விற்பதில் டிலானியை மிஞ்ச ஆளில்லை. அக்குறணைக் கடை முதலாளி ஆனாலும் சரி, ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்து ஆட்கள் ஆனாலும் சரி, எதிரே ஒருவர் இருந்தால் போதும். பேசியே கையெழுத்து வாங்கிவிடுவாள். அந்த ஒருவர் ஒரு கூட்டமாக மாறினால்தான் வில்லங்கம்.

"இத்தன கண்ணும் என்னையே பார்த்தா நாக்கு ஒட்டிக்குதுக்கா" என்பாள்.

போன வருடக் கூட்டத்தில் "அனைவருக்கும்" என்று தொடங்கினாள். அதோடு சரி. மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள். வணக்கம் வரவேயில்லை. அன்றிலிருந்து காலையில் அவளைக் கண்டால் அலுவலகத்தில் யாராவது "அனைவருக்கும்" என்பார்கள். டிலானியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்த கையோடு பாத்ரூமுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வது கிருஷாந்திக்கு மட்டும் தெரியும்.

இந்த வருடம் விஷயம் சிரிப்போடு போகாது. விற்பனைக் குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும். குழுவின் முன்னால் நின்று நாலு வார்த்தை பேச முடியாதவரை எப்படித் தலைவராக்குவது என்று மனேஜர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். இன்று நன்றியுரையைச் சொல்லி முடித்தால் பதவி டிலானிக்கு. மறுபடியும் ஓடினால், அவளிடமே வேலை பழகிய தனபாலனுக்கு.

வீட்டில் பேசிப் பார்த்தாயா என்று கிருஷாந்தி நேற்றுக்கூடக் கேட்டிருந்தாள். தினமும் சாப்பிட்ட பிறகு பேசிப் பார்ப்பதாகவும் தடங்கலில்லாமல் வருவதாகவும் டிலானி சொன்னாள். பேச்சைக் கேட்டு நிரஞ்சன் என்ன சொன்னார் என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

"அவரு எங்கக்கா கேட்டாரு. நான் தொடங்குறதுக்கு முன்னமே கதிரையிலயே தூங்கிருவாரு."

வீட்டில்தான் அப்படி என்றால் குடும்பங்களையும் அழைத்திருக்கிற இன்றைக்குமா என்று கிருஷாந்திக்குக் கொதித்தது. அதுவும், வேறு இடம் கிடைக்காத மாதிரி, மேடைக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துகொண்டு.

மேடையில் டிலானி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மண்டபத்தின் கண்கள் எல்லாம் அவள் மேல். அவள் பார்வை எங்கெங்கோ அலைந்து, கடைசியில் முன் வரிசைக்கு வந்து நின்றது. அங்கே நிரஞ்சன் வாயைத் திறந்துகொண்டு, லேசாகக் குறட்டையும் விடத் தொடங்கியிருந்தார்.

கிருஷாந்தி அவர் கதிரைக் காலை ஓர் உதை உதைத்தாள். மனிதர் அசையவில்லை.

"அனைவருக்கும்" என்றாள் டிலானி. பிறகு நிறுத்தினாள்.

பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. கிருஷாந்தி திரும்பி முறைத்தாள்.

"வணக்கம். இது போன வருசத்துப் பாக்கி. இந்த வருசத்து வணக்கத்த இனித்தான் சொல்லப் போறேன்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மனேஜரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு டிலானியைப் பிடிக்க முடியவில்லை. ஹந்தானை ஏற்றத்தில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு போய் பொலிசி விற்ற கதையைச் சொன்னாள். கூட வேலை செய்கிறவர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி சொன்னாள். இடையிடையே குரல் தடுமாறும்போதெல்லாம் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். இப்போதாவது எழும்பினாரா என்று பார்க்கிறாள் என்று நினைத்துக் கிருஷாந்தி மனம் வருந்தினாள்.

பேச்சின் கடைசி வரி நிரஞ்சனுக்கு நன்றி சொல்லும் வரி. எழுதியதைக் கிருஷாந்தி வாசித்திருக்கிறாள். அந்த இடம் வந்ததும் டிலானி முன் வரிசையைப் பார்த்தாள், கொஞ்சம் தயங்கினாள், அதை விட்டுவிட்டு "நன்றி, வணக்கம்" என்று முடித்தாள். பின்னே, தூங்குகிறவருக்கு என்ன நன்றி என்று கிருஷாந்திக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கைதட்டல் ஓயவில்லை. தனபாலன்கூட எழுந்து நின்று தட்டினான். மனேஜர் மேடைக்குப் போய், புதிய குழுத் தலைவிக்கு வாழ்த்துச் சொல்லிக் கைகொடுத்தார்.

இத்தனை சத்தத்திலும் நிரஞ்சன் எழும்பவில்லை. இனியும் பொறுக்க முடியாது என்று கிருஷாந்தி அவர் காதருகே குனிந்தாள்.

"அண்ணை, எழும்புங்கோ. உங்கட மனிசி பேசி முடிச்சிட்டா."

நிரஞ்சன் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"தெரியுங்க மிஸ். நல்லாப் பேசினா. கடைசியில எனக்கு நன்றி சொல்ற வரிய மட்டும் விட்டுட்டா."

கிருஷாந்தி இன்னும் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கண் மூடியேதான் இருந்தது.

"நான் தூங்குறேன்னு நினைச்சாத்தான் அவளுக்குப் பேச்சு வருது. வீட்டிலயும் இப்படித்தான். சொல்லிறாதீங்க" என்றார் நிரஞ்சன். "மேடைய விட்டு இறங்கிட்டாளான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க மிஸ். கழுத்து வலிக்குது."