நீலத்துக்கு அடியில் சிவப்பு

மாமனார் சீராகக் கொடுத்த சிவப்புக் காருக்குத் தென்னரசு போன வாரம்தான் திண்டிவனம் வீட்டு வாசலிலேயே நீல ரப்பர் பெயிண்ட் அடித்திருந்தான். பிடிக்காவிட்டால் தோல்போல உரித்துவிடலாம்.

“அப்பா விழுப்புரத்துலேர்ந்து வந்துகினு இருக்காரு. அவரு ஆசையா எடுத்த கலருங்க. மனசு ஒடிஞ்சிடுவாரு. ஜல்தி உரிங்க,” என்றாள் மனைவி வேணி.

“சிவப்புல அது தீயணைப்பு வண்டி மாதிரி இருக்குதுடி.”

“அதை அவருகிட்டயே சொல்லுங்க.”

நகம் தேயத் தேய உரித்தான். கடைசித் துண்டு கையோடு வந்தபோது மாமனார் ஆட்டோவிலிருந்து இறங்கினார். காரைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

“நீலம் அடிச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டு ஆசையா பாக்க வந்தேன் மாப்ள. அன்னிக்கே நான் நீலம்தான் கேட்டேன். சிவப்புதான் வேணும்னு ஷோரூம்ல அழுதது உங்க வீட்டம்மா.”

தென்னரசு திரும்பினான். வேணி காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.