ஐந்து பேர் ஓடிய காரணம்

"உங்ககிட்ட வேல செஞ்சவங்க அஞ்சு பேரு ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஓடிப் பூட்டாங்களாமே தம்பி, இன்னா காரணம்?"

முதல் கேள்வியே இப்படி வந்து விழும் என்று டக்ளஸ் எதிர்பார்க்கவில்லை. வாய்க்குக் கொண்டுபோன பன்னை மறுபடி தட்டிலேயே வைத்தான்.

எதிரே பார்வதம்மா. ஐம்பதைத் தாண்டிய வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத காட்டன் புடவை, மடியில் கைப்பை. சந்திப்புக்குக் கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையின் இந்த பேக்கரியைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான், நேரம் குறித்ததும் அவள்தான். "அந்தம்மா ரொம்ப கறார். ஆனா சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா, அப்பால உனக்குக் கவலையே இல்ல" என்று பக்கத்து சாம்பியன் ரீப்ஸில் விசாரித்த இடத்திலெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

டக்ளஸ் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியின் மனிதவளத் துறைத் தலைவன். ஆள் எடுப்பதும், எடுத்த ஆள் ஓடிவிடாமல் பிடித்து வைப்பதும் அவன் தொழில். 'ஊழியர்களைத் தக்கவைப்பது எப்படி' என்று மேடை மேடையாகப் பேசுவான். எல்லோரும் கைதட்டுவார்கள். அடுத்த முறை அவன் பேசப் போகும்போது, கைதட்டியவர்களில் பாதிப்பேர் வேறு கம்பெனியில் இருப்பார்கள். நூற்றுக்கணக்கானவர்களைக் கேள்வி கேட்டு வியர்க்க வைத்தவனுக்கு, பதில் சொல்கிற நாற்காலி இவ்வளவு சுடும் என்பது இன்றுதான் தெரிந்தது.

ஆனாலும் வேறு வழியில்லை. காலையில் கிளம்பும்போதே மனைவி மரியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இதுவும் கைநழுவிப் போச்சுன்னா, நீங்க வீட்டோட கெடக்க வேண்டியதுதான்." தங்கவயல் ஊரே வேலைக்காக பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் மட்டும் எதிர்த்திசை ரயிலில் வந்து ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கியிருந்தான்.

"அது வந்து மேடம்... இப்பல்லாம் எல்லா எடத்துலயும் அட்ரிஷன் அதிகம்."

"அப்டின்னா?"

"ஆளுங்க நிக்க மாட்டேங்கறாங்க."

"அதத்தானே நானும் கேட்டேன்? ஏன் நிக்கல?"

டக்ளஸ் தண்ணீர் குடித்தான். "இந்தத் தலைமுறைக்கு விசுவாசம் கெடையாது மேடம்."

"அந்த அஞ்சு பேர்ல ஜெயம்மாவுக்கு எம் வயசு. அவ எந்தத் தலைமுற?"

அவன் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரையும் குடித்தான்.

"கேமரா வெச்சிருந்தீங்களாமே?"

"வெளிப்படைத்தன்மைக்காக மேடம்."

"அரை மணிக்கு ஒருக்கா போன் போட்டு, இன்னாத்துக்கு ஒக்காந்துருக்க, ஏந்திரின்னு சொல்வீங்களாமே?"

"அது செக்-இன். ஊழியரோட எப்பவும் தொடர்புல இருக்கறதுதான் நல்ல தலைமைக்கு அடையாளம்."

"ஞாயித்துக்கெழம?"

"வாராந்தர ரிவ்யூ. வீடியோ கால்தான் மேடம், பத்து நிமிஷம்."

"உங்ககிட்ட இருந்த வின்னி சர்ச்சுக்குக் கெளம்பற நேரமா பாத்து. இல்ல?" பார்வதம்மா டீயை ஒரு வாய் உறிஞ்சினாள். "அவகிட்ட கேட்டுட்டுத்தான் வரேன். பத்துக்கு ஆறு மார்க் போட்டீங்களாம். 'வேலய விட்டுப் போறேன்'னு அவ சொன்னப்ப, போகாம இருக்கறதுக்கு இன்னா செஞ்சீங்க?"

டக்ளஸின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. "'மாதத்தின் சிறந்த ஊழியர்'னு சர்டிபிகேட் குடுத்தேன் மேடம். ஃப்ரேம் போட்டு."

"போட்டிக்கு வேற யாரெல்லாம் நின்னாங்க?"

"யாரும்... அவங்க மட்டும்தான்."

"கண்ணாடி நல்லா கனமா இருக்குதாம். மாவு டப்பாவுக்கு மூடியா போட்டு வெச்சிருக்கா."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். வேறு எதற்கோ சிரித்திருக்கலாம். டக்ளஸுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. மேடையில் பேசும் வார்த்தைகளில் இன்னும் ஒரு மூட்டை மிச்சம் இருந்தது. அவிழ்க்க தைரியம் வரவில்லை.

"எங்கிட்ட தப்பு இருக்கு மேடம். மாத்திக்கறேன். ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க."

இதே வார்த்தைகளை எத்தனையோ பேர் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் 'சொல்லி அனுப்பறோம்' என்று புன்னகையோடு விடைகொடுத்திருக்கிறான். பார்வதம்மா புன்னகைக்கவில்லை என்பதே இப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

"கேமரா?"

"இன்னிக்கே கழட்டிடறேன்."

"போன்?"

"தெனம் ஒரு வாட்டி. அதுவும் நலம் விசாரிக்கத்தான்."

"ஞாயித்துக்கெழம?"

"லீவு. யாரையும் கூப்புட மாட்டேன்."

"அன்னிக்கி வேலய யாரு பாப்பாங்க?"

"நானே வந்து பாத்துக்கறேன்."

"மீட்டிங் கீட்டிங்னு சாக்கு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் மேடம்."

பார்வதம்மா டீயைக் குடித்து முடித்தாள். அவனை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "சரி. மூணு மாசம் பாக்கறேன். உங்க நடத்த சரியில்லன்னா அதோட முடிஞ்சிது. மறுபேச்சு கெடையாது."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டான். மேசைக்கடியில் கைப்பேசியை எடுத்து, மரியாவுக்கு 'கெடச்சிடுச்சு!' என்று அடித்தான்.

பார்வதம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நாளைக்குக் காலைலயே வேலைக்கு வந்துடறேன் தம்பி. ஆமா, படுத்த படுக்கையா கெடக்கறாங்களே உங்க அம்மா, அவங்க காலைல இன்னா சாப்புடுவாங்க?"

டக்ளஸுக்குத் தெரியவில்லை.