ஒரு டோங்கூடக் குறையாது

கான்தோ ஆற்றோர மனைக்கு ஏழு பேர் போட்டி. எல்லோரையும் மிஞ்சி விலை சொன்னது மீன்கடை லியென்தான். தரகர் குவாங்குக்கே அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது.

“பெரியவரே, கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?”

“ஒரு டோங்கூடக் குறையாது,” என்றார் மனைக்குச் சொந்தக்காரரான ஹோவான்.

“நான் குறைக்கச் சொன்னேனா?” என்று தரகரிடம் சீறினாள் லியென்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் போனதும் குவாங் வெடித்தார். “உங்களுக்கு நெஞ்சா, கருங்கல்லா?”

ஹோவான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சும்மாவே தரேன்னேன் தம்பி. ‘வேண்டாம்ப்பா, அண்ணனுங்க சொல்லிக்காட்டுவாங்க’ன்னுட்டா. என் மூணு பயலுங்களும் நான் குடுத்த மண்ணுலதான் வீடு கட்டினானுங்க. சொந்தக் காசுல வாங்கின மண்ணுல கட்டப்போறவ என் மக ஒருத்திதான்!”