பாதி வழிக் கல்

முள் பூஜ்யத்தில் இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். எதிரே தென்னந்தோப்புக்கு நடுவில் அறுநூறு மீட்டர் புல்தரை. அதன் கோடியில் ஒரு வரிசைத் தென்னை. விடிகாலையில் பெய்த மழை இன்னும் புல்லில்தான் இருக்கிறது.

போகலாம், ஒன்றும் ஆகாது என்றார் பக்கத்தில் இருந்த சென்னியப்பன். அவளுடைய வீட்டுக்காரர். நார் மில் முதலாளி. யாரும் அவரைக் கேட்கவில்லை.

விமானம் வாங்கி ஏழு வருஷம். ஏழு வருஷமாக வா வா என்கிறார். அவள் ஏறினதில்லை. அவளுக்கு உயரம் என்றால் பயம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

உயரமாவது ஒன்றாவது. அவளுக்கு இவரை நினைத்தால்தான் பயம்.

எடுத்ததை நடுவில் விட்ட மனிதரா? வெள்ளகோவில் கல்யாணத்துக்குப் போகையில், மண்டபம் தாண்டிவிட்டது என்று சொன்னாள். கேட்டால்தானே. கரூரில் போய்த்தான் வண்டி நின்றது. திரும்பி வந்தபோது பந்தியில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். புல்தரையின் பாதியில் வெள்ளையடித்த கல் ஒன்று நட்டிருக்கிறாராம். அதைத் தாண்டும்போது வேகம் காட்டும் முள் முப்பத்தைந்தைத் தொட்டிருக்க வேண்டுமாம். தொடாவிட்டால் அன்றைக்குப் பறக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். மீதித் தரை நிற்பதற்குத்தான்.

நிறுத்திவிடுவீர்களா என்று கேட்டாள்.

பின்னே, என்றபடி ரசம் சோற்றைப் பிசைந்தார்.

இவரா!

அப்போதிருந்து அது அவள் மண்டையைக் குடைந்தது. உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா என்றும் தோன்றியது. ஆனாலும் முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரிய வேண்டாமா?

ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஓரத்தில் அவள் தம்பி செல்போனைத் தூக்கிப் பிடித்தான். அக்கா பறப்பதைச் சொந்தக்காரர்கள் இருபது பேர் வாட்ஸப் வீடியோ காலில் நேரடியாகப் பார்க்கப்போகிறார்கள். போதாக்குறைக்கு இது வேறு.

அவர் கருப்புக் குமிழை உள்ளே தள்ளினார். எஞ்சின் அலறியது.

பத்து.

ஈரப்புல் சக்கரத்தைப் பிடித்து இழுத்தது. அவள் எடையும் கூடச் சேர்ந்து இழுத்தது. அதை மறைப்பானேன்.

பதினெட்டு.

இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயமா ஆவலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இருபத்து நாலு.

கல் வந்தது.

முப்பது.

முள்ளை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். தாடை இறுகியிருந்தது. அது கரூர் முகம்.

போச்சு.

கல் பின்னால் போய்விட்டது. தென்னைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

அப்போதுதான் அவர் கை அசைந்தது. குமிழை வெளியே இழுத்தார்.

சத்தம் அடங்கியது. விமானம் வழுக்கி வழுக்கி ஓடி, தென்னைக்கு நாற்பதடி முன்னால் நின்றது.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. காதோரம் வியர்வை வழிந்தது.

தம்பி மூச்சு வாங்க ஓடிவந்தான். செல்போன் இன்னும் அவர் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. என்னாச்சு மச்சான், எல்லாரும் கேட்கிறார்கள் என்றான்.

"முள்ளு தொடலை. நிறுத்திட்டேன்."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் இதுவரை கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. அசட்டுத்தனம்தான், என்ன செய்ய.

அவர் இறங்கிச் சுற்றி வந்தார். அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். பயந்துவிட்டாயா என்றார். இனிமேல் கூப்பிட மாட்டேன் என்றார். இறங்குவதற்குக் கை கொடுத்தார்.

கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கவில்லை.

"ஏனுங்க, இந்தப் புல்லு காயறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"