கருப்பு ஈயின் வயிற்றில்

“எம் பேரு கௌதம், வயசு இருபத்தொண்ணு, மரக்காணம் உப்பளத்துல நிக்கிறேன்...” அம்மாவும் ஊர்க்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்புக்கு கௌதம் போனில் பேசியே டைப் செய்தான்.

செஞ்சியிலிருந்து பிழைக்க வந்தவனுக்கு ஈ ஆராய்ச்சியில் வேலை. காலைக் காட்டி உட்கார்ந்து, கடிக்க வரும் கருப்பு ஈக்களைக் குழாயில் பிடித்துத் தருவான். அருள்மொழி மேடம் அவற்றை ரகம் பிரிப்பார்.

அன்று காலை மேடம் கேட்டார். “ஏம்பா, உன்கூட யாரு உக்காந்தது?”

“நான் ஒண்டியாதான் இருந்தேங்க மேடம்.”

“நீ புடிச்ச இந்த ஈ, ஓடுற நல்ல தண்ணியில பொறக்குற ரகம். இங்க அந்தத் தண்ணி பழைய மோட்டார் ஷெட் வாய்க்கால்ல மட்டுந்தான் ஓடுது. டி.என்.ஏ டெஸ்ட்ல பாத்தா ஈ வயித்துல ரெண்டு பேர் ரத்தம் இருக்குது. ஒண்ணு உன்னுது, இன்னொண்ணு உன் கூடப்பொறந்தவனுது.”

“அண்ணன போன வருஷம் வெள்ளம் அடிச்சிக்கினு போயிட்டுதுங்க. பாடி கெடைக்கல. சட்டைய வச்சுக் காரியம் பண்ணிட்டோம்.”

“குடிச்ச ரத்தம் ஈ வயித்துல நாலு நாளைக்கு மேல தங்காதுப்பா.”

இப்போது அவன் அந்த ஷெட்டின் முன்னால் நின்றான். கதவில் புதுப் பூட்டு தொங்கியது. போனை வாயருகே கொண்டுபோய்க் கிசுகிசுத்தான்.

“அம்மா, உள்ள யாரோ காலச் சொறியற சத்தம் கேக்குது. இத யாரு படிச்சாலும் ஆளுங்களக் கூட்டிக்கினு சீக்கிரம் வாங்க.”